பாதி வந்த பதில்

‘புள்ளி’ என்ற பெயர் எங்கள் குடும்பத்தில் முதலில் காதில் விழுந்தது, என் நாத்தனார் மகள் குடிநீர் வாரிய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில். சாப்பிட உட்கார்ந்தவள், “இன்னைக்கும் புள்ளி எல்லாரையும் ஓட விட்டுட்டாரு” என்று சிரித்தாள். ஏதோ நாய்க்குட்டி என்றுதான் நினைத்தோம்.

மனுஷர்தான். ஊருக்கு வெளியே நீரேற்று நிலையத்தில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்பவர். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் படம் கிடையாது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மெயில் என்று தட்டி, யாருக்கு என்று தட்டி, விஷயத்தை வரி வரியாக எழுத வேண்டும். தமிழைக்கூட இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுதுவார்கள். முடிந்ததும் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைத்து என்டரைத் தட்டினால் மெயில் கிளம்பிவிடும். போனது போனதுதான்.

இவருக்கு ஒரு பழக்கம். ஒரு வாக்கியம் எழுதி, என்டரைத் தட்டிவிட்டு யோசிப்பார். அப்புறம், அடடா, வாக்கியத்துக்குப் புள்ளி வைக்கவில்லையே என்று கீழ் வரியில் வைத்து மறுபடி தட்டுவார். பாதி மெயில் போய்விடும். போதாததற்கு, கெட்டதை முதலில் சொல்லி நல்லதை ஆற அமரச் சொல்கிற சுபாவம் வேறு. “மூணாவது பம்ப் நின்னுடுச்சு” என்று வரும். தலைமை அலுவலகத்தில் இன்ஜினியர் விழுந்தடித்துக்கொண்டு வேனில் ஏறுவார். வேன் தெருமுனை திரும்பியதும் அடுத்தது வரும்: “எண்ணெய் போட நாங்கதான் நிறுத்தினோம்.”

இதையெல்லாம் வாங்கிப் படிப்பது நாத்தனார் மகளின் வேலை. “இருங்க சார், இன்னும் மீதி வரணும்” என்று இன்ஜினியரை உட்கார வைக்க அவள்தான் கற்றுக்கொண்டாள். அவளுக்கும் புள்ளிக்கும் இடையே பம்ப் பேச்சு எப்போது சொந்தப் பேச்சானது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் அவளிடமிருந்து மெயில் வந்தது. “வீட்டுல ஒரு இடம் வந்திருக்கு. காலையில அம்மா அவங்களுக்குப் பதில் சொல்லணும். உங்க மனசுல என்ன இருக்குன்னு இன்னைக்கே சொல்லிடுங்க.”

அவர் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எதையும் ஆதியிலிருந்து தொடங்கினால்தான் அவருக்கு வரும். “எனக்குக் கல்யாணம் பண்ணிக்கிற எண்ணமே கிடையாது” என்று தொடங்கினார். என்டர். யோசித்தார். புள்ளி. என்டர்.

திரை ஒன்றும் சொல்லவில்லை. அது எப்போதுமே ஒன்றும் சொல்லாது. பாதிதான் போயிருக்கிறது என்று இவருக்குத்தான் உறைத்தது. மீதியை மளமளவென்று ஒரே மூச்சில் எழுதி அனுப்பினார். அதற்குள் மணி ஐந்தாகிவிட்டது. இருந்தது ஒரே டெலிபோன் லைன். ஐந்தானதும் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி டெலிபோனுக்குக் கொடுத்துவிடுவார்கள். போகாத மெயில்களின் வரிசையைத் திரையில் வரவழைத்துப் பார்த்தார். மீதி அதில் கிடந்தது. இனி காலையில்தான் போகும்.

அலுவலகத்துக்கு போன் போட்டார். காவலாளி எடுத்தார்.

“அவங்க கிளம்பிட்டாங்களே சார். ஏதாவது சொல்லணுமா?”

“கொஞ்சம் பெருசு. வீடு எங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

பஸ் பிடித்து, வீட்டைக் கண்டுபிடித்து, மாடிப்படி ஏறியவருக்கு, சாத்திய கதவுக்கு உள்ளே நடந்த பேச்சு நன்றாகக் கேட்டது.

“பதில் வந்துச்சான்னு கேட்டா ஏன்டி முழிக்கிற?” இது நாத்தனார்.

“பாதி வந்திருக்கும்மா.”

“பாதியில என்ன இருக்கு?”

“கல்யாணம் பண்ணிக்கிற எண்ணமே கிடையாதுன்னு இருக்கு.”

“அப்புறம் மீதி எதுக்குடி, கண்ணாடி போட்டு மாட்டவா?”

“அவரு இன்னும் முடிக்கலம்மா. எனக்குத் தெரியும். நீங்க காலையில யாருக்கும் வாக்குக் கொடுத்துடாதீங்க.”

அவர் கதவைத் தட்டினார். நாத்தனார் திறந்தாள்.

“யாரு தம்பி நீங்க?”

“மீதி சொல்ல வந்திருக்கேன்” என்றார். வாசலில் நின்றபடியே சொன்னார். “அப்படின்னு போன வருஷம் வரைக்கும் எங்க அக்காகிட்ட சொல்லிட்டிருந்தேன். உங்க பொண்ணுகூடப் பேச ஆரம்பிச்சதுல இருந்து சொல்றதில்ல. நீங்க சரின்னா அக்காவைப் பேச அனுப்புறேன்.”

நாத்தனார் திரும்பி மகளைப் பார்த்தாள். மகள் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அவ்வளவுதானா தம்பி, இன்னும் இருக்கா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “குடிக்கத் தண்ணி வேணும்” என்றார்.

வரிசையில் கிடந்த மெயில் காலையில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அந்த இன்னொரு இடத்துக்கு நாத்தனார் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய பிறகு.

பேத்தி பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து மாப்பிள்ளை போன் செய்து, “ஆபரேஷன் பண்ணிட்டாங்க” என்று நிறுத்தினார். நாத்தனார் பதறவில்லை. “சரி, மீதி?” என்றாள். “பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

அவர் இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மனைவியோடு நாத்தனார் வீட்டு மேல்மாடியில் இருக்கிறார்.