கடைசிக் கம்பத்து மோட்டார்

அந்தத் தைப்பூசத்தன்று தொப்பம்பட்டிப் பக்கத்துக் கிராமமே காவடி கட்டிக்கொண்டு பழனிக்குப் போயிருந்தது. கிணறுகளில் ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. அறுபதுகளின் தொடக்கம்; மின்சார இலாகாவில் சூப்பர்வைசராகச் சேர்ந்து எனக்கு இரண்டாவது வருஷம். அம்மா இறந்த பிறகு, திண்டுக்கல் வீட்டுக்குப் போனாலும் எனக்குக் கதவு திறக்க ஆளில்லை. விடுமுறையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? வோல்ட்மீட்டரையும் ஆம்மீட்டரையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

ஊரில் மிச்சமிருந்தவர் கடைசிக் கம்பத்து அம்மா மட்டும்தான். மின்கம்பி முடியும் இடத்தில் அவர் கிணறு, அதனால் நான் வைத்த பெயர் அது. வீட்டுக்காரர் இறந்து வருஷம் திரும்பாததால் அவர் கோயிலுக்குப் போகவில்லை. புது மோட்டார் இறக்கியிருந்தார். கவலையேற்றத்தில் தோல்சாலை இழுத்துத் தண்ணீர் இறைத்த மாடுகளை விற்றுவிடலாமா, வெங்காயத்துக்கு மோட்டாரை நம்பலாமா என்று கேட்டார். தனியாளாக மாடுகளைப் பார்க்க முடியவில்லையாம்.

மோட்டாரை ஓட்டி அளந்தேன். எட்டு ஆம்பியர். டிரான்ஸ்பார்மரில் நானூறு வோல்ட், இங்கே ஆறு வோல்ட்தான் குறைவு. ஆறை எட்டாலும், மூன்று பேஸ் என்பதால் ரூட் மூன்றாலும் வகுத்தேன்; கம்பியின் மின்தடை அரை ஓம்கூட இல்லை. வோல்ட்டையும் ஆம்பியரையும் மூன்று பேஸுக்கும் சேர்த்துப் பெருக்கினேன். மோட்டாருக்கு வேண்டிய சக்தி தாராளமாக இருந்தது.

"மாட்டைக் குடுத்துருங்கம்மா, நான் பொறுப்பு" என்றேன். என்ன அகம்பாவம்! கம்பங்கூழும் மோரும் கொடுத்தார். எதிரே ஒருவர் உட்கார்ந்து பேச, நான் சாப்பிட்டு அப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதனாலேயே மெதுவாகச் சாப்பிட்டேன்.

பழனிக்குப் போனவர்கள் திரும்பி, பதினோரு கிணறுகளிலும் சுவிட்ச் போட்டார்கள். மூன்றாம் நாள் அந்தம்மாவின் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. ஓடிப்போய் அளந்தால் கடைசிக் கம்பத்தில் முந்நூற்று முப்பதுதான் காட்டியது. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதே வேலைக்கு ஆம்பியரைக் கூடுதலாக இழுக்கும். இழுக்க இழுக்க, மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி, அந்தக் ‘காயில்’, சூடேறிக் கருகும். இது தெரியாதவனா நான்?

என் மின்தடைக் கணக்கு சரிதான், அதே கம்பியில் ஓடும் மற்ற மோட்டார்களின் ஆம்பியரை மட்டும் சேர்க்காமல் விட்டுவிட்டேன் என்று அவரிடம் வெகுநேரம் விளக்கினேன். வெட்கம் கெட்டவன். மாடுகள் கைமாறிப் போயிருந்தன. அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"நீங்களும் நானும் மட்டும் இருக்கற ஊருக்குக் கணக்குப் போட்டுட்டீங்க போலிருக்குதுங்க சார்" என்றார்.

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டி வருவதற்குள் வெங்காயம் வாடிவிட்டது. நான் விடாமல் எழுதிக் கேட்டு, கடைசிக் கம்பத்தருகே புது டிரான்ஸ்பார்மர் வந்தபோது அடுத்த மழைக்காலம். எல்லா மோட்டாரும் ஓடும் நேரமாகப் பார்த்து அளந்தேன், வோல்டேஜ் இறங்கவில்லை. சொல்லலாமென்று போனால் வீடு பூட்டிக் கிடந்தது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஆயக்குடியில் தம்பி வீட்டோடு போய்விட்டார் என்றார்கள்.

ஆயக்குடி ஒன்றும் சைக்கிளுக்கு எட்டாத தூரமில்லை. இனி அவரிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று நான் போகவில்லை. பேச ஆளில்லாத இந்த வயதில்தான் தோன்றுகிறது: சும்மா போய் எதிரே உட்கார்ந்திருக்கலாம். வோல்டேஜைப் பற்றிப் பேசியிருக்கவே வேண்டாம்.