கோட்டுக்கு எடை கிடையாது

இருபத்துநான்கு ஆண்டுகள். மலையூரான கோரோக்கின் விமான நிலையத்தில் பயணிகளை எடை போடும் தராசுக்கு எதிர் நாற்காலியில் சவ்சன் உட்கார்ந்திருந்த காலம் அது. அத்தனை ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை.

தலைநகர் துஷான்பேவுக்கு நான்கு முறை போயிருக்கிறார். நான்கு முறையும் ஜீப்தான். பதினெட்டு மணி நேரம், வழியெல்லாம் வாந்தி. அதுவே மேல் என்பார். பதினேழு பேர் உட்காரும் அந்தச் சின்ன விமானம் மலைக்கு மேலே பறப்பதில்லை, மலைகளுக்கு நடுவே பறக்கிறது. இறக்கைக்கும் பாறைக்கும் எவ்வளவு இடைவெளி என்று இறங்கி வருகிறவர்கள் கையை விரித்துக் காட்டுவார்கள். ஆண்டுக்கு ஆண்டு அந்தக் கைகள் நெருங்கிக்கொண்டே வந்தன.

ஆனாலும் பறக்கப் பயப்படுகிறவர்களுக்குத் தைரியம் சொன்னவர் அவர்தான். சிலருக்குத் தராசில் நிற்கும்போதே முழங்கால் நடுங்கும்; கூடவே முள்ளும் நடுங்கும்.

"ஜன்னலைப் பாக்காத. முன்னால இருக்கறவன் ஷூவைப் பாரு. எடையெல்லாம் கச்சிதமா இருக்கு, போயிட்டு வா."

அதைக் கேட்டுவிட்டு நம்பி ஏறினார்கள்.

எடை கச்சிதமாக இருந்ததே இல்லை. தராசுக்குப் பக்கத்துச் சுவரில் வரிசையாகக் கொக்கிகள். சவ்சன் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், தலைநகரில் படிக்கும் மகனுக்குத் தின்பண்டம் கொண்டுபோன ஒரு பெண்ணின் சுமை மூன்று கிலோ கூடிவிட்டது. அந்தப் பெண் அழுதாள். "கோட்டைக் கழட்டிக் கொக்கியில மாட்டிட்டுத் தராசுல ஏறுங்க" என்றார் சவ்சன். அது வழக்கமாகிவிட்டது; எடை போட்டதும் கோட்டைப் போட்டுக்கொண்டு விமானம் ஏறினார்கள். கோட்டுக்கு எடை கிடையாது. ஊர்த் தையல்காரர்கள் கோட்டின் உள்பக்கம் ஆழமான பைகள் வைத்துத் தைக்க ஆரம்பித்தார்கள். அவற்றில் உலர்ந்த மல்பெரிப் பழம் போனது, வால்நட் போனது, ஒருமுறை கறி அரைக்கும் இயந்திரமும் போனது.

போன ஏப்ரலில் துஷான்பேயில் இருக்கும் தம்பி அலிநசருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. உடன்பிறந்தவர்களில் சவ்சனுடையது மட்டுமே பொருந்தியது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மருத்துவர்கள் வியாழக்கிழமை அறுவை செய்து சனிக்கிழமை கிளம்பிவிடுவார்கள். மறுபடி வர ஓராண்டு ஆகும். அலிநசருக்கு அவ்வளவு காலம் இல்லை.

ஒரு வாரம் முன்னதாகவே ஜீப்பில் கிளம்ப சவ்சன் பையைக் கட்டி வைத்திருந்தார். அதற்குள் வழியில் ருஷான் ஊருக்குக் கீழே பனி சரிந்து சாலையை மூடியது. திறக்கப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள். மேகத்தால் விமானமும் ஐந்து நாள் வரவில்லை. புதன்கிழமை காலை வானம் வெளுத்தது. பதினேழு பேர் பட்டியலில் கடைசிப் பெயர் சவ்சனுடையது.

அவர் நாற்காலியில் அன்று மூட்டை தூக்கும் யோத்கோர் உட்கார்ந்திருந்தான்.

"ஏறுங்கக்கா. உங்களை எடை போடுவேன்னு நான் கனவுலகூட நெனைக்கல."

"வாயை மூடிட்டு முள்ளைப் பாரு."

சவ்சன் கோட்டைக் கழற்றி மாட்டினார். அது சுவரில் தொம்மென்று இடித்தது. தம்பி மனைவிக்கென்று உள்பையில் மூன்று கிலோ மல்பெரி வைத்திருந்தார். அந்தச் சத்தத்தை அவர் நாற்காலியிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். இன்று அதைப் பயணியாகக் கேட்டார்.

கொக்கிகளில் ஏற்கனவே ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினாறு கோட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. "எல்லை ஆயிரத்து நானூத்தி முப்பது. நாம ஆயிரத்து நானூத்தி இருபத்தஞ்சு. கச்சிதம்கா" என்றான் யோத்கோர். சவ்சன் ஜன்னல் வழியே பார்த்தார். ருஷான் பக்கம் மேகம் மறுபடி கூடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பாவிட்டால் இன்று விமானம் கிடையாது என்று விமானி சொல்லியிருந்தார்.

வாயைத் திறந்தால் நேரம் போகும்; மேகம் வழியை அடைத்தால் தம்பி இல்லை. திறக்காவிட்டால் இந்தக் கோட்டுகளோடு அவரும் உள்ளே உட்கார வேண்டும்.

"எல்லாரையும் மறுபடி தராசுல ஏத்து" என்றார். "கோட்டோட."

பயணிகளில் ஒருவரான, லாரி ஓட்டும் தவ்லத்கதம் முன்னால் வந்தார். "இருபத்திநாலு வருசமா கண்ணை மூடிட்டு இருந்த. இன்னைக்கு நீ ஏறப்போறன்னதும் கண்ணு தெரியுதா, தங்கச்சி?"

"ஆமாண்ணே" என்றார் சவ்சன்.

தன் பையிலிருந்த மூன்று கிலோவை முதலில் எடுத்து மேசையில் வைத்தார்.

அறுபத்தாறு கிலோ கூடுதலாக இருந்தது. ஒருவர் இறங்க வேண்டும், அல்லது பைகள் காலியாக வேண்டும். கோட்டுப் பைகளோடு கைப்பைகளும் காலியாயின. மல்பெரி, வால்நட், உருக்கிய வெண்ணெய் டின்கள், ஒரு பிரஷர் குக்கர். மேசை நிறைந்து தரையிலும் குவிந்தது. முணுமுணுப்பு அடங்க ஐம்பது நிமிடம் பிடித்தது. விமானி சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டுக் கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

விமானத்தின் கதவைச் சாத்தியதும் சவ்சன் இடுப்புப் பட்டையை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். எடை சரி என்று இந்த முறை உறுதியாகத் தெரியும். அது ஒன்றுக்கும் உதவவில்லை. முன்னால் இருந்த தவ்லத்கதமின் ஷூவைப் பார்த்தார். ஷூவும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் முழுக்கப் பாறை வந்தது, பிறகு வெள்ளை, பிறகு இன்னும் பக்கத்தில் பாறை. எழுந்துபோக இடமில்லை. நிறுத்தச் சொல்ல ஆளில்லை. ஷூவைப் பார்க்கச் சொல்லி எத்தனை பேரை இப்படி உள்ளே அனுப்பியிருக்கிறோம் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

தவ்லத்கதம் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். உள்ளங்கையில் ஒரு பிடி மல்பெரி.

"இது மட்டும் எடைக்கு வரல. வாயில போடு. உன் ஷூ வைத்தியம் சரியில்ல, தங்கச்சி."

சவ்சன் வாயில் போட்டுக்கொண்டார். தரை இறங்கும்வரை அதை விழுங்க முடியவில்லை.

வியாழக்கிழமை அறுவை நடந்தது. அலிநசர் இப்போது நடமாடுகிறார். சவ்சன் ஜூன் மாதம் ஜீப்பில் ஊர் திரும்பினார். வேலைக்குத் திரும்பிய முதல் நாளே கொக்கிகளைக் கழற்றச் சொல்லிவிட்டார். பயப்படுகிறவர்களிடம், "எனக்கும் பயம்தான்" என்று மட்டும் சொல்கிறார்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி அவரைத் துஷான்பே மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஜூனில் வந்த ஜீப் குலுக்கலே தையல் போட்ட இடத்துக்கு ஆகவில்லையாம், இனி ஜீப் கூடாதாம். எட்டாம் தேதி விமானப் பட்டியலில் ஏழாவது பெயர் சவ்சன்.