விசாலத்தின் தெருவில் தண்ணீர் ஏறும் நேரம்

“விசாலம் போயிட்டா. ஒடனே கெளம்பாதேங்கோ, தெருவெல்லாம் வெள்ளமாக்கும். எறங்கினப்பறம் வாங்கோ.” அவள் தம்பி கணேசன் காலையில் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். எலிக்காய்ச்சல். அழுக்குத் தண்ணீரில் நடந்து நடந்து வரும் நோய். மட்டாஞ்சேரியில் கால்வாயை ஒட்டிய அந்தத் தெருவில் பிறந்து, நகரத் திட்ட அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்தவள், அந்தத் தெருத் தண்ணீராலேயே போனாள். எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

அலுவலக நண்பர்களுக்கு அந்தக் கூட்டம் நினைவிருக்கும். வெள்ள வரைபடத்தை நாம் மழைக்காலத்தை மட்டும் வைத்துப் போட்டிருந்தோம். கடல் ஏறும்போது கால்வாய் வழியாக வீட்டுக்குள் புகும் தண்ணீருக்கு அதில் இடமே இல்லை. விசாலம் எழுதிப் பார்த்தாள், யாரும் அசையவில்லை. கடைசியில் ஆய்வுக் கூட்டத்தைத் தன் வீட்டு வாசலிலேயே, கடல் ஏறும் நேரம் பார்த்து வைத்தாள். சுள்ளென்று வெயில். எல்லாரும் சாயா குடித்துக்கொண்டிருக்கும்போதே சாக்கடையிலிருந்து தண்ணீர் பொங்கி ஷூக்களை நனைத்தது. “மழையே பெய்யலையே?” என்றார் மேலதிகாரி. “மழைக்குக் காத்திண்டிருக்கற வெள்ளமில்லை சாரே இது. கடலாக்கும் ஏறறது” என்றாள். வரைபடத்தில் அந்தத் தெருவுக்கும் வெள்ளப் பகுதியின் நீலம் பூசப்பட்டது.

அன்று அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். நீலம் விழுந்த வீடுகளுக்குத் தரையை உயர்த்த உதவி வரும், கால்வாய்க்கு மதகு வரும் என்று நம்பினாள். வந்தது தடை. வெள்ளப் பகுதியில் எந்தக் கட்டுமானத்துக்கும் அனுமதி இல்லை. தரையை உயர்த்துவதும் கட்டுமானமாம்! பக்கத்து வீட்டு முருகன், தேனியிலிருந்து வந்து சந்தையில் காய்கறி விற்பவர், அவள் வாசலில் நின்று கத்தினார். “தரையக் கொஞ்சம் ஒசத்திக்கத்தானே கேட்டேன்? நீங்க பூசுன நீலம் எங்கள முழுக அடிச்சிருச்சுக்கா.”

தெரிந்தவர்களிடம் சொல்லி உன் வீட்டுக்காவது அனுமதி வாங்கிக்கொள் என்றேன். முறைத்தாள். “அவாளுக்கில்லாதது நேக்கு வேண்டாம்.” நீலப் பகுதியிலும் தரையை உயர்த்தலாம் என்று ஒரு விதித் திருத்தத்தை எழுதி எடுத்துக்கொண்டு அறை அறையாக ஏறி இறங்கினாள். பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், இவள் கணுக்கால் தண்ணீரில் நின்று சமைத்துவிட்டு வேலைக்கு வந்துகொண்டே இருந்தாள்.

நான் போனபோது தண்ணீர் முழுதாக வடிந்திருக்கவில்லை. பெஞ்சுக் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தி, அதன்மேல் அவளைக் கிடத்தியிருந்தார்கள். செங்கல் கொண்டுவந்து வைத்தவர் முருகன். தெருமுனையில், ஈரம் படாத இடமாகப் பார்த்து நின்றிருந்த புதிய மேலதிகாரி என் பக்கம் குனிந்து கேட்டார், “மழையே பெய்யலையே?” பதில் சொல்ல வேண்டியவள் பெஞ்சில் கிடந்தாள்.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம்தான், கடல் ஏறும் நேரம் பார்த்துக் கூட்டம் வைப்பது. அந்தத் திருத்தத்துக்கான கூட்டத்தை அவள் வாசலிலேயே வைத்திருக்கிறேன். அனுமதி வருமா, தெரியாது. நாற்காலி தான் போடுவதாக முருகன் சொல்லியிருக்கிறார். அவளை அறிந்தவர்கள் எல்லாரும் வாருங்கள். தண்ணீர் வந்த பிறகும் எழுந்து போய்விடாதீர்கள்.