நான் பேசாத போன்

பேய், பில்லிசூனியம் என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் வியாதி வேறு, எதை எடுத்தாலும் கெட்டதாகவே யோசிப்பேன். தாயில்பட்டியில் இருந்துகொண்டு, புருஷனைப் பட்டாசு ஆலைக்கு அனுப்பிவிட்டு வேறு எப்படி யோசிப்பது? சத்தம் விட்டு விட்டுக் கேட்டால் ஆலையில் வெடித்துப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். ஒரே ஒரு 'டொம்' என்றால் அடுப்பை அப்படியே போட்டுவிட்டுக் கடையிலிருக்கும் ஒரு ரூபாய் போனுக்கு ஓடுவேன்.

அப்படி இரண்டு தடவை அவரை வேலையிலிருந்து வெளியே கூப்பிட்டுவிட்டேன். வெடிமருந்து கலக்குகிறவனைப் பதறவைத்தால் கை நடுங்கும், இன்னொரு போன் வந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் எங்களுக்குச் சோறு கிடையாது.

அன்றைக்குக் காலையில் மறுபடி ஒரு 'டொம்'. ஓடினேன். 'பாப்பாவுக்கு வலிப்பு, உடனே அனுப்புங்க' என்று பொய் சொன்னால் யாரும் திட்டமாட்டார்கள் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ரிசீவரை எடுத்தும்விட்டேன். பெற்ற பிள்ளையை வைத்து இப்படியா என்று கூசிப்போய் வைத்துவிட்டுத் திரும்பினேன், காசுகூடப் போடவில்லை, சத்தியமாக.

கொஞ்ச நேரத்தில் அவர் வந்து நின்றார். கைகூடக் கழுவாமல், முழங்கை வரை வெடிமருந்தின் வெள்ளிப் பொடி. பாப்பா வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்கு வலிப்புன்னு போன் போட்டியாமே? இதுலயாடி பொய் சொல்லுவ?"

"நான் பேசவே இல்லங்க."

"உன் கொரலு தெரியாதான்னு ஃபோர்மேன் கேக்காக. பின்ன எவ பேசுனா?"

சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பேசிவிட்டு மறந்துவிட்டேனோ என்று எனக்கே என் மேல் சந்தேகம்.

வெயில் தாழுமுன் பாப்பாவுக்கு உடம்பு கொதித்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிக் கைகால் வெட்டியது. அவர் இருந்ததால் பைக்கில் சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். நான் நினைத்ததால்தான் வந்ததோ என்று பாப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒருநாள் ஃபோர்மேன் பிள்ளையைப் பார்க்க வந்தார். அந்தப் போனைப் பற்றி மெதுவாகக் கேட்டேன்.

"எந்தப் போனு தாயி? அன்னைக்கு மட்டும் நீதான் ரெண்டு வாட்டி பேசுனியே. அவன் வீடு வந்து சேந்துருக்கக்கூட மாட்டான், அதுக்குள்ள மறுபடி கூப்புட்டு, பிள்ள பொழச்சுக்கிட்டா, இனி பயமில்ல அண்ணாச்சின்னு சொன்னியே."

அப்போது பாப்பாவுக்குக் காய்ச்சலே வரவில்லை.

முதல் போனையாவது என் புத்தி செய்த வேலை என்று விட்டுவிடுவேன். 'இனி பயமில்லை' என்று நான் பிறந்ததிலிருந்து யாரிடமும் சொன்னதில்லை. மகள் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறாள், அவளுக்காக அதைச் சொல்லிப் பார்க்கிறேன், நாக்கு எழ மாட்டேன் என்கிறது. என் குரலில் பேசியவளுக்கு மட்டும் எப்படி வந்தது?