குச்சி எடுப்பவள்

பேருந்தில் ஏறும்போதும் அண்ணி எல்லாரையும் முன்னால் விட்டுத்தான் வருவாள். படியில் கடைசிக் கால் அவளுடையதாக இருக்கும்.

"ஒரு நாள் உங்களை விட்டுட்டுப் போகப் போகுது, அண்ணி."

"போனா போகட்டும். நீங்கல்லாம் ஏறிட்டீங்கன்னு எனக்குத் தெரியுமில்ல."

அண்ணி வேலையிலிருந்து நின்று சில வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் பேசுகிறவர்களின் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்க்கிற வழக்கம் போகவில்லை. அண்ணி பல் செட் செய்தவள். பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து அறை அவளுடையது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள் தெரியும். நீள மேசை, மேசையெல்லாம் வெள்ளைப் பிளாஸ்டர் அச்சுகள், இளஞ்சிவப்பு மெழுகு, ஒரு ஸ்பிரிட் விளக்கு, காலால் அழுத்தினால் சீறுகிற சின்ன மோட்டார். டாக்டர் முன்பக்கம் அளவெடுத்து அனுப்புவார். யாருடைய வாய் என்று அவளுக்குத் தெரியாது. எப்போதாவது கடைத்தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் நின்றுவிடுவாள். "நம்ம வேலை" என்று என் காதில் சொல்வாள்.

வீட்டுக்கு வரும்போது புருவத்தில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். அண்ணன் அதை ஊதிவிடுவான்.

"ஊர் வாயெல்லாம் இவ கையில. வீட்டுல இருக்கிற ஒரு வாயை மூட முடியல, பாரு."

வீட்டிலிருந்த அந்த ஒரு வாய் அவனுடையதுதான். அண்ணன் தபால்காரன். முகவரி பாதி அழிந்திருந்தாலும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான், சேர்த்துவிட்டு அதைப் பற்றி ஒரு வாரம் பேசுவான். உப்பு அதிகமானால் ஒரு பேச்சு, குறைந்தால் ஒரு பேச்சு. அவன் காலையில் வேலைக்குப் போனபிறகுதான் அந்த வீட்டில் கடிகாரம் இருப்பதே தெரியும்.

மலைக்குப் போவதும் அவன் ஆரம்பித்ததுதான். மலைத்தொடரின் முதுகோடு ஒரு நெடும்பாதை போகிறது. ஒரே மூச்சில் நடக்க மாதக்கணக்கில் விடுப்பு வேண்டும், அது எங்களில் யாருக்கும் இல்லை. அதனால் வருஷத்துக்கு ஒரு துண்டு. போன வருஷம் விட்ட இடத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி, விடுப்பு தீரும் இடத்தில் மறுபடி பஸ் பிடிப்போம். நாங்கள் நாலு பேர். அண்ணன், அண்ணி, நான், பக்கத்து வீட்டுப் பஸ் டிரைவர். டிரைவர் பாதை வளைகிற இடத்திலெல்லாம் உடம்பைச் சாய்ப்பார். எதிரே ஆள் வந்தால் அவர் கை தானாக ஹாரனைத் தேடும்.

அண்ணன் எப்போதும் முன்னால். அவனுக்கு நின்று நின்று நடக்கத் தெரியாது. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், போகக்கூடாத பக்கத்தின் குறுக்கே ஒரு குச்சியைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். பாறைகளில் பெயிண்ட் அடையாளம் உண்டு. ஆனால் மழை அதைத் தின்றுவிடும். குச்சியைப் பார்த்து நானும் டிரைவரும் வருவோம். கடைசியில் அண்ணி. அவள் வந்து அந்தக் குச்சியை எடுத்து வீசிவிட்டு வருவாள்.

எடுப்பதற்குக் காரணம் இருந்தது. முதல் வருஷம் நாங்கள் எதையும் எடுக்கவில்லை. ஓரிடத்தில் மேலே பாறை சரிந்திருந்ததால் அண்ணன் நேர்ப்பாதையைக் குச்சியால் மறித்துவிட்டு, ஆட்டுத்தடம் ஒன்றில் எங்களை இறக்கிக் கூட்டிப்போனான். பின்னால் வந்த ஒரு கோஷ்டி, அதற்குள் ஆட்கள் கல்லை அகற்றி நேர்ப்பாதையைச் சரிசெய்திருந்தும், எங்கள் குச்சியை நம்பி முள்ளுக்குள் இறங்கிவிட்டது. கீறல்களோடு அன்றிரவு நாங்கள் இருந்த தங்குமிடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் அண்ணனைத் தேடிப்பிடித்து, பெற்றவர்களையெல்லாம் இழுத்துப் பேசினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணன் பதில் பேசவில்லை. மறுநாள் காலை பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான்:

"நாம போட்டதை நாமதான் எடுக்கணும். கடைசியா வர்றவங்க எடுக்கட்டும்."

"கடைசியா வர்றது யாரு?" என்றாள் அண்ணி.

"வேற யாரு, வாலுதான்."

அன்றிலிருந்து அவள் பெயர் வாலு. அவளுக்கு அது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். மற்றவர்களெல்லாம் முன்னால் இருக்கும் ஆளின் முதுகுப்பையைப் பார்த்து நடந்தோம், அவள் எங்கள் எல்லாரையும் பார்த்து நடந்தாள். எனக்குக் கால் வலித்தால் எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். "உன் இடது செருப்பு… இல்ல பூட்ஸு, கோணலா விழுது. உக்காரு." மேலே போகப் போக மரம் குட்டையாகும், அப்புறம் புல், அப்புறம் வெறும் கல். காற்றில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. திரும்பிப் பார்த்தால் தூரத்தில் அவள் குனிந்து எதையோ எடுத்து வீசுவது தெரியும். எல்லாரும் தாண்டியாயிற்று என்று அதற்கு அர்த்தம். பிறகு நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

இப்படிப் பல வருஷம். கடைசித் துண்டு மட்டும் பாக்கி இருந்தபோது அண்ணனுக்கு மூளையில் ஒரு சின்ன அடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நடந்துதான் வந்தான். கை, கால், வாய் எல்லாம் சரியாகவே இருந்தன. பேச்சு மட்டும் போய்விட்டது. பேச முடியாமல் இல்லை, பேசவில்லை. கேட்டால் ஒரு வார்த்தை, அதோடு சரி. உப்பு அதிகமானாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான்.

ஒரு நாள் சாயங்காலம் எங்கள் தெரு முனையில் பேக்கரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். நான் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன்.

"என்ன அண்ணா, இங்க நிக்கிற?"

"சும்மாதான்" என்றான். என் பின்னாலேயே வந்தான். வாசலுக்கு வந்ததும் மெதுவாகச் சொன்னான்: "எந்தத் தெருன்னு ஒரு நிமிஷம் பிடிபடல." அந்தத் தெருவில் முப்பது வருஷம் தபால் கொடுத்தவன்.

அந்த வருஷம் மலைக்குப் போக வேண்டாம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவன்தான் பையை எடுத்து வைத்தான். டாக்டரும் மெதுவாக நடக்கலாம் என்றுவிட்டார்.

"நான் வேணா முன்னாடி போறேன். நீங்க நடுவுல வாங்க" என்றார் டிரைவர்.

"நடுவுலயா? பார்சல் மாதிரியா?" அண்ணன் தலையாட்டினான். "நான் கடைசியா வர்றேன். வாலு முன்னாடி போகட்டும். அவ வேலை எனக்கு, என் வேலை அவளுக்கு."

பிறகு அண்ணியிடம் ஒன்று சொன்னான். நான் பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தேன்.

"எனக்கே ஒண்ணு தெரிஞ்சுக்கணும். குச்சியைப் பார்த்து நடக்கிறது சின்னப் புள்ளைகூட செய்யும். அதுலயும் நான் வழி தப்பிட்டேன்னா, அப்புறம் நான் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டேன். நீங்க யாரும் கூப்பிடவும் கூடாது."

"சரிங்க" என்றாள் அண்ணி. வேறு என்ன சொல்வாள்.

முதல் சில நாள் நன்றாகவே போனது. அண்ணி முன்னால் போகப் பழகவே இல்லை. கழுத்து வலிக்கும் அளவுக்குத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். "கண்ணாடி ஒண்ணு மாட்டித் தரவா? என் பஸ்ல ரெண்டு இருக்கு" என்று டிரைவர் கேட்டார். அண்ணன் நிதானமாக வந்தான். ஒவ்வொரு பிரிவிலும் குச்சியை எடுத்து வீசினான். தங்குமிடத்துக்கு வந்து உட்கார்ந்ததும், வாய் பேசாவிட்டாலும், முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

பாதை முடிவதற்கு முந்தைய நாள். மத்தியானத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பிரிவில் அண்ணி குச்சியைப் போட்டுவிட்டு, அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து எங்களுக்காகக் காத்திருந்தாள். நானும் டிரைவரும் வந்து சேர்ந்தோம். அண்ணன் வெகு கீழே ஒரு வளைவில், உட்கார்ந்து உட்கார்ந்து வந்துகொண்டிருந்தான். அவன் தொப்பி தெரிந்தது. ரொட்டி சாப்பிட்டோம். டிரைவர் உட்கார்ந்தபடியே ஒரு தூக்கம் போட்டார். மேகம் கிட்டே வந்ததும் எழுந்தோம். நானும் டிரைவரும் முன்னால் இறங்கினோம், அண்ணி பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள், குனிந்தாள், குச்சியை எடுத்துப் பள்ளத்துப் பக்கம் வீசினாள், எங்கள் பின்னால் வந்தாள்.

நான் அதைப் பார்த்தேன். டிரைவரும் பார்த்தார். அவள் குச்சி எடுப்பதைத்தானே இத்தனை வருஷமும் பார்த்தோம். எல்லாரும் தாண்டியாயிற்று என்று அதற்குப் பிறகு நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தங்குமிடத்தில் பையை இறக்கி, அண்ணி கோப்பைகளை எடுத்து மேசையில் வைத்தாள். நாலாவது கோப்பையை வைத்தவள் அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

"குச்சி" என்றாள்.

டிரைவரை அங்கேயே இருக்கச் சொன்னோம், ஒருவேளை அவன் வந்துவிட்டால் ஆள் வேண்டும். நாங்கள் இருவரும் திரும்பி ஓடினோம். ஏற்றத்தில் அண்ணி ஓடி நான் அன்றுதான் பார்த்தேன். மேகத்துக்குள் பாதை கைநீள தூரம்தான் தெரிந்தது. பிரிவில் யாரும் இல்லை. தொண்டை கிழியக் கூப்பிட்டோம். அண்ணி குச்சியால் மறித்திருந்த வலப்பக்கப் பாதை ஓடையை நோக்கி இறங்குகிறது. ஈர மண்ணில் பூட்ஸ் தடம் இருந்தது. யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணி பார்த்ததும் இறங்கிவிட்டாள்.

ஓடையில் மரப்பாலம் உடைந்து கிடந்தது. இந்தக் கரையில், பாலத்தின் முதல் பலகையில், அண்ணன் பையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"குச்சி இருந்திருக்கும்" என்றான். "நான்தான் பார்க்கல."

"இல்லங்க. குச்சி இல்ல. நான் எடுத்துட்டேன்."

"முன்னாடி போறவ எதுக்கு எடுப்ப?"

"கை எடுத்துடுச்சு. சத்தியமா."

அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமலே இருந்திருக்கலாம். "நல்லாத்தான் சொல்ற."

"உங்க தங்கச்சியையே கேளுங்க."

"ஆமா அண்ணா. நானும் பார்த்தேன். எனக்கும் உறைக்கல."

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணியும் நாத்தனாரும் ஒரே பேச்சாப் பேசினா, அது பொய்யாத்தான் இருக்கும்." பிறகு, தபால் உறையைத் திருப்பிப் பார்ப்பதுபோல் கேட்டான்: "எடுத்து எந்தப் பக்கம் போட்டே?"

"பள்ளத்துப் பக்கம்."

"சரி, போகலாம்" என்றான். நம்பவில்லை என்று அவன் நடந்த நடையிலேயே தெரிந்தது. ஏற்றம் முழுக்க அண்ணி அவனுக்குப் பின்னால் வந்தாள். உண்மையைச் சொன்ன பிறகும் அது பொய்யாகவே நின்றுவிட்டால் அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது? நாளைக்கு வீட்டுக்குப் போனதும் அவன் ஜன்னலோரத்து நாற்காலியில் உட்காருவான், எழுந்திருக்க மாட்டான். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

தங்குமிடத்தின் வாசலிலேயே டிரைவர் நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கத்த ஆரம்பித்துவிட்டார். அண்ணனை அல்ல, அண்ணியை.

"ஏம்மா தங்கச்சி! அந்தக் குச்சியை எதுக்கும்மா எடுத்தே? இங்க உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். என் கண்ணு முன்னாலதான் குனிஞ்சே, எடுத்தே, வீசினே. நானும் பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி பாத்துட்டு நிக்கிறேன்! மனுஷன் இன்னும் வரலையேன்னு எனக்கு ஏன் தோணல? ஸ்டாப்புல ஆளை விட்டுட்டு வண்டியை எடுத்தவன் நான் ஒருத்தன்தான்."

அண்ணன் நின்றான்.

"எந்தப் பக்கம் வீசினா?"

"என்னது?"

"குச்சியை. எந்தப் பக்கம்?"

"பள்ளத்துப் பக்கம்தான். வேற எங்க? ஏன், போய் எடுத்துட்டு வரணுமா?"

அண்ணன் பையைக் கழற்றி மெதுவாகக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றி உதறினான். அண்ணி பக்கம் திரும்பினான்.

"அறிவிருக்கா உனக்கு?" என்றான்.

அண்ணி குனிந்து அவன் பையை எடுத்தாள்.

"முன்னாடி போறவ குச்சியை எடுப்பாளா? எடுத்தா பின்னாடி வர்றவன் என்ன செய்வான்? ஜோசியமா பாப்பான்? நான் அந்தப் பிரிவுல எத்தனை நேரம் நின்னேன் தெரியுமா? கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பாக்குறேன், இல்லாத குச்சியை! என் மூளையே கரைஞ்சு போச்சுன்னு நினைச்சேன். பல்லு செய்யுறவளுக்கு ஒரு வேலை கொடுத்தா இப்படித்தான்…"

உள்ளே போனோம். சூப் வந்தது. அவன் நிறுத்தவில்லை. குச்சியிலிருந்து உடைந்த பாலத்துக்குப் போனான், பாலத்திலிருந்து அதைச் சரிசெய்யாத அதிகாரிகளுக்கு, அங்கிருந்து மறுபடி அண்ணிக்கு. சூப்பில் உப்பு அதிகம் என்றான். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். அவருடைய தோள் குலுங்கியது. நான் எழுந்து போய் வெளியே நின்றுவிட்டு வந்தேன். அண்ணி பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஈரக் காலுறைகளோடு அவனுக்கு எதிரே உட்கார்ந்து, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து மேசையில் ஒரு வயதான பெண், அவளும் நடக்க வந்தவள்தான், பொறுக்க முடியாமல் அண்ணி பக்கம் சாய்ந்தாள்.

"எப்பவும் இப்படித்தான் திட்டுவாராம்மா?"

"இல்லங்க, நடுவுல கொஞ்ச நாளா விட்டிருந்தார்" என்றாள் அண்ணி. அவன் கிண்ணத்தை இழுத்து இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினாள்.