நூற்றெண்பத்திரண்டாவது நாள்

போன வருஷம் ஜூன் இருபதாம் தேதி மஸ்கட்டிலிருந்து சாத்தூர் வந்து சேர்ந்தேன். நான் நர்ஸ். பதினோரு வருஷமாக அங்கேதான் வேலை. பழைய மருத்துவமனையில் ஒப்பந்தம் முடிந்திருந்தது; புதிய இடத்தில் ஜனவரியில் சேர்ந்தால் போதும் என்றார்கள். மகளை ஒரு வயதில் விட்டுப் போன எனக்கு, இத்தனை நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருக்கக் கிடைத்தது அதுதான் முதல் முறை.

அந்த மாதங்களை நினைத்தால் கனவு மாதிரி இருக்கிறது. காலையில் மகளுக்குத் தலை பின்னிவிடுவேன். அவள் பள்ளிக்கூடம் போனதும் தெருவே அடங்கிவிடும். மதியம் கண்ணயர்ந்து எழுந்தால், எந்த ஊரில் இருக்கிறேன் என்று ஒரு நிமிஷம் பிடிபடாது. ஜன்னல் வழியாக நனைந்த கரிசல் மணம் வந்த பிறகுதான் தெளியும். சாயங்காலம் சிவகாசி அச்சகத்திலிருந்து கணவர் விரலெல்லாம் மையோடு வருவார். தூரத்துப் பட்டாசுக் கம்பெனியில் சோதனைக்கு விட்ட வாணம் ஒன்று பச்சையாக விரிந்து, அப்படியே கரையும். நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருப்போம்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, குவைத்தில் வேலை பார்க்கும் தெரிந்த பெண் ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, ஒரு வருசத்துல ஊர்ல இருக்குறது நூத்தியெம்பத்திரெண்டு நாளைத் தொட்டுராம பாத்துக்கோங்க. தொட்டீகன்னா இங்கன குடியிருக்கிறவுகன்னு ஆயிரும். அங்கன வாங்குன சம்பளம் அம்புட்டுக்கும் வரி கட்டணும்.”

பயந்துபோனேன். வீட்டுக்கு வந்து எண்ணினேன். டிசம்பர் பதினெட்டாம் தேதி நூற்றெண்பத்திரண்டாவது நாள். யாரையும் கேட்கவில்லை. பதினாறாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

மகளிடம் சொன்னபோது அவள் அழவில்லை. “அப்ப இந்தக் கிறிஸ்துமஸுக்கும் நீ இல்லையாம்மா?” என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு நினைவு தெரிந்து ஒரு கிறிஸ்துமஸுக்கும் நான் வீட்டில் இருந்ததில்லை.

கணவர்தான் பொறுக்காமல், “யாரோ சொன்னாகன்னு டிக்கெட்டப் போட்டுட்ட. ஒரு எட்டு ஆடிட்டரக் கேட்டுட்டு வருவோம், வா” என்று விருதுநகருக்குக் கூட்டிப்போனார்.

ஆடிட்டர் என்னைவிடச் சின்னப் பெண். என் பாஸ்போர்ட்டுகளை வாங்கி, வந்த தேதி, போன தேதி என்று ஒவ்வொரு முத்திரையாக வாசித்து எழுதினாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் தேதி வாசிக்க வாசிக்க எனக்கு ஒவ்வொரு விடுமுறையும் கண்முன் வந்தது. ஒன்றில் மகள் என்னைக் கண்டு அப்பாவின் பின்னால் ஒளிந்தாள். இன்னொன்றில் முன்பல் இல்லாமல் சிரித்தாள். அடுத்ததில் என் தோள் உயரம் வந்திருந்தாள்.

“அக்கா, அவுக சொன்னது பாதிதான் சரி,” என்றாள் ஆடிட்டர். “நூத்தியெம்பத்திரெண்டு நாள் ஆனா ரெசிடென்ட்தான். ஆனா முந்தின ஏழு வருசத்தையும் பாக்கணும். அதுல எழுநூத்தி இருபத்தொம்பது நாளுக்கு மேல இங்கன இருந்திருக்கீகளான்னு கணக்கு. இல்லைன்னா, சாதாரணமா வசிக்காதவர்னு வச்சிருவாக. அங்கன வேலை பாத்து அங்கனயே பேங்க்ல வாங்குன சம்பளத்துக்கு இங்கன வரி கிடையாது.”

“எனக்கு எத்தனை நாள்?”

கூட்டியதைச் சரிபார்த்துவிட்டு, “இருநூத்திப் பதினாலு. பயமே இல்ல. தாராளமா இருந்துட்டுப் போங்க” என்று சிரித்தாள்.

நானும் சிரிக்க வேண்டியதுதான். ஆனால் ஏழு வருஷத்தில் இருநூற்றுப் பதினான்கு நாள் என்பதைக் காகிதத்தில் பார்த்ததும் கண்ணில் நீர் நிற்கவில்லை. அந்தப் பெண் பதறி, தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கே டிக்கெட்டை ரத்து செய்தோம். கிறிஸ்துமஸ் காலையில், புதுத்துணி உடுத்திய மகள் கோயில் பெஞ்சில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். எழுப்ப மனம் வராமல், எல்லோரும் எழுந்து நின்று பாடும்போது நான் மட்டும் உட்கார்ந்தே இருந்தேன்.

இப்போது மறுபடியும் மஸ்கட்டில்தான் இருக்கிறேன். எனக்குக் கிடைத்தது சலுகைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எழுநூற்று இருபத்தொன்பது நாளையும் வீட்டிலேயே இருந்து தாண்டி, அதைக் கேட்க எனக்குத் தகுதியே இல்லாமல் போகிற ஒரு வருஷம் சீக்கிரம் வர வேண்டும் என்றுதான் ஒவ்வொரு ஜெபத்திலும் கேட்டுக்கொள்கிறேன்.