கட்டில் தள்ளியவன் கட்டிலில் படுத்த கதை

ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிற வேலைக்குச் சக்கரம் எந்தப் பக்கம் உருளும் என்று தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள், ஒருமுறை அதே கட்டிலில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தபடி போய்ப் பார்க்க வேண்டும்.

எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கில், யூலண்ட் பக்கத்துச் சிறிய நகரம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. வார்டில் இருந்து நோயாளியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய், ஒப்பரேஷன் பகுதி வாசலில் ஒப்படைக்க வேண்டும். முடிந்த பிறகு திரும்பத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். ஒப்பரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் கக்கூசைத் தேடுகிற என் இனத்து வாசகர்களே, நீங்கள் தனியாக இல்லை. இன்னொன்று: டெனிஷ்காரர் பெரியவர் சின்னவர் பாராமல் எல்லோருக்கும் 'நீ'தான் போடுவார்கள். அதை அப்படியே எழுதினால் எனக்கே ரோசம் வரும் என்பதால், வேண்டிய இடங்களில் கொஞ்சம் மரியாதை சேர்த்திருக்கிறேன்.

சிவப்புக் கோடு

ஒப்பரேஷன் பகுதி வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தது. வெளிச் சப்பாத்தோடு யாரும் அதைத் தாண்டக்கூடாது. நானும் தாண்டியதில்லை. ஆனால் கோடு வரைக்கும் நான் அளக்கிற அளப்பு இருக்கிறதே! "ஒன்றுக்கும் யோசிக்காதீர்கள், உள்ளே எல்லாரும் கெட்டிக்காரர், ஒரு நித்திரை கொண்டு எழும்புவதுதான்" என்று ஓட்டை டெனிஷில் சொல்லிக்கொண்டே தள்ளுவேன். வார்டு நேர்ஸ்மார், பயப்படுகிற ஆட்கள் இருந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை.

ஒருநாள் பித்தப்பைக் கல்லோடு வந்த ஒரு பண்ணைக்காரர், இரண்டு ஆள் அகலம், என் அளப்பை வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டு வந்தார். கோட்டுக்குக் கிட்ட வந்ததும் கையை உயர்த்தி, கட்டிலை நிறுத்தச் சொன்னார். நான் எப்போதாவது உள்ளே போயிருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். என்னை யாராவது வெட்டியிருக்கிறார்களா என்று கேட்டார். அதுவும் இல்லை என்றேன். மனிதர் தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்: "என்ர பண்ணை நாயும் இப்பிடித்தான் தம்பி, பாலைப் பற்றி அதுக்கு எல்லாம் தெரியும், ஒருநாளும் கறந்ததில்லை."

சுற்றிப் போன ஆசிரியை

வேலையில் இருந்து இளைப்பாறிய ஆசிரியை ஒருவர், காலில் நரம்பு ஒப்பரேஷனுக்கு வந்தவர், கட்டில் நகரத் தொடங்கியதும் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னார். பிறகு இன்னும் மெதுவாக. பிறகு கீழ் மாடியில் மீன் தொட்டி ஒன்று இருக்கிறதாமே, அதைப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தோம். பிறகு கன்டீன் வாசனை. பிறகு குழந்தைகள் வார்டுச் சுவரில் இருந்த படங்கள். ஆசிரியை சொன்னால் மறுத்துப் பழக்கமில்லாத நாட்டில் பிறந்தவன் நான், தள்ளிக்கொண்டே இருந்தேன். கடைசியில் இருபது நிமிடம் பிந்திக் கோட்டுக்கு வந்தபோது தலைமை நேர்ஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். ஆசிரியையோ என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அவரிடம் சொன்னார்: "இந்தப் பெடியனைத் திட்டாதேங்கோ, பாதை தெரியாம நான்தான் அவனைக் கூட்டிக்கொண்டு திரிஞ்சனான்."

எனக்கும் வந்தது

அந்த மாசியில் எனக்கு அடிவயிற்றின் வலப்பக்கம் ஒரு சின்ன வீக்கம். இருமினால் எட்டிப் பார்க்கும், படுத்தால் உள்ளே போகும். கட்டில் தள்ளுகிற எங்கள் அறையில் கோப்பி குடிக்கும்போது என் கூட்டாளி பெந்திடம் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். டொக்டரிடம் போவதற்கு முன்னமே அவன் குடலிறக்கம் என்று சொல்லிவிட்டான். டொக்டரும் அதையே சொல்லி, தைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு என்று நாளும் குறித்துத் தந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், பயந்துபோனேன். அதுவரைக்கும் உடம்பில் ஒரு தையல் விழாதவன். மயங்கினால் திரும்ப எழும்புவேனா என்ற ஒரே கேள்விதான் தலைக்குள் சுற்றியது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது: ஊரையெல்லாம் தைரியப்படுத்துகிறவன் கோட்டில் வைத்து அழுதுவிட்டால், பிறகு அந்த ஆஸ்பத்திரியில் எந்த முகத்தோடு கட்டில் தள்ளுவது? பெந்த் கோப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு என் வயிற்றைப் பொறாமையோடு பார்த்தான். "நான் பதினேழு வருஷமாத் தள்ளுறன். எனக்கு ஒண்டும் வெளியில வரேல்லை, லீவும் கிடைக்கேல்லை."

மீசை

வியாழக்கிழமை மத்தியானம் வார்டில் சேர்ந்தேன். எல்லாம் தெரிந்தவன் அல்லவா, முன்னேற்பாடுகளை நானே தொடங்கினேன். முன்பொரு தாடிக்காரரிடம், மயக்கம் கொடுக்கிற முகமூடி முகத்தில் சரியாகப் பதியாது என்று நேர்ஸ் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. தாடிக்கு அப்படியென்றால் மீசைக்கு? மீசை இடுக்கால் மருந்து வெளியேறி, நடு ஒப்பரேஷனில் நான் எழும்பி உட்கார்ந்துவிட்டால்? குளியலறைக்குள் போய்ப் பதினேழு வயதில் இருந்து வளர்த்த மீசையை வழித்துவிட்டு வந்து படுத்தேன்.

மூன்று மணிக்கு எஸ்பியர்க்கில் இருந்து சண்முகம் அண்ணை வந்தார். மீன் தொழிற்சாலையில் காலை வேலையை முடித்த கையோடு, இடியப்பமும் மீன்குழம்பும் பாசலாகக் கட்டிக்கொண்டு ரயிலேறி வந்திருந்தார். அகதிக் காலத்தில் ஒரே அறையில் இருந்தவர். கதவடியில் நின்று என் முகத்தைப் பார்த்தார். பாசலை நிலத்தில் வைத்தார். ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "எப்பயடா? எப்பிடியடா? ஐயா நல்ல மனுசனெல்லோ!" என்று ஒப்பாரி வைக்காத குறையாக அழத் தொடங்கிவிட்டார். தகப்பனுக்குக் கொள்ளி வைத்தவன் தவிர வேறு யார் மீசையை எடுப்பான்? யாழ்ப்பாணத்தில் சண்டை, ஊரில் இருந்து நல்ல சேதி வராத காலம். அவர் அழுத வேகத்தில், ஐயாவுக்கு உண்மையாகவே ஏதோ நடந்து அது எனக்குத்தான் தெரியாதோ என்று நானும் ஒரு நிமிடம் சேர்ந்து அழுதேன்.

பக்கத்துக் கட்டில் கிழவர் மணியை அடித்து நேர்ஸை வரவழைத்துவிட்டார். ஐயா சுகமாக இருக்கிறார், போன கிழமைதான் கடிதம் வந்தது என்று விளங்கப்படுத்தி முடித்தபோது, அண்ணை கண்ணைத் துடைத்துவிட்டுப் பொரிந்து தள்ளினார்: "ஒப்பரேஷன் வயித்திலயெல்லோ, பிறகு என்னத்துக்கடா விசரா மூஞ்சையை வழிச்சனி?"

நூறு

அண்ணை இருக்கும்போதே டொக்டர் ஹெலே வந்தார். ஆறு மாதத்துக்கு முன்தான் சேர்ந்த இளம் பெண். தாழ்வாரத்தில் கட்டிலோடு என்னைக் கண்டால் ஒதுங்கி வழிவிட்டுச் சிரிப்பார். வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நேராகச் சொன்னார்: "நாளைக்குப் பெரிய டொக்டர் எனக்குப் பக்கத்தில நிப்பார். ஆனா வெட்டுறதும் தைக்கிறதும் நான். முழுசா நானே செய்யிற முதல் ஒப்பரேஷன் இது. உங்களுக்கு விருப்பமில்லையெண்டா அவர் செய்வார். காலமை சொன்னாப் போதும்."

டெனிஷ் தெரியாத அண்ணை "என்னவாம்?" என்றார். நாளைக்குப் பதினொரு மணிக்காம் என்றேன். அண்ணை சட்டைப் பையில் இருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். வெள்ளிக்கிழமை பத்தரையில் இருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். மாற்றச் சொல்லு என்றார். நான் மாட்டேன் என்றேன். அண்ணை விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் பத்தரை என்றால் இங்கே விடிய ஆறு. அங்கே பன்னிரண்டு என்றால் இங்கே ஏழரை. "உன்ர வயிறு யாழ்ப்பாணத்தில செய்த வயிறெல்லோ, அதுக்கு யாழ்ப்பாண நேரந்தான். ராகு ஏழரைக்கே போயிடுவார்" என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆனாலும் ஒரு குறை. "இந்தப் பிள்ளை இதுவரைக்கும் எத்தனை செய்திருக்குதெண்டு கேள்." கேட்டேன். ஹெலே கொஞ்சமும் மழுப்பாமல், தனியாக ஒன்றுகூட இல்லை என்றார். நான் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். ஒருமுறை அழவைத்தது போதும். "நூறாம்" என்றேன். ஹெலே பேனையை எடுத்து எந்தப் பக்கம் என்று என் வயிற்றில் அம்புக்குறி போட்டார். அம்பு நெளிந்து நெளிந்து தொடைக்குப் போகப் பார்த்தது. அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு இரக்கத்தோடு சொன்னார்: "நூறு செய்து களைச்ச கையெல்லோ, அதுதான் நடுங்குது."

காலை எட்டு மணி

ஒவ்வொரு நாளும் என்னோடு கோப்பி குடிக்கிற நேர்ஸ் இங்கர், சவர்க்கார நுரையோடும் சவரக் கத்தியோடும் வந்து திரையை இழுத்தார். நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, சவரம் எல்லாம் நேற்றே முடிந்துவிட்டது என்று மேலுதட்டைத் தொட்டுக் காட்டினேன். அவர் என் முகத்தையும் அம்புக்குறி இருந்த இடத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "அம்பு கீழ பார்க்குது, நீங்கள் மேல வழிச்சிருக்கிறீங்கள்."

பன்றிக்கால்

பத்து மணிக்கு ஹெலே பதில் கேட்க வந்தார். முகம் கோதுமை மாவாக இருந்தது. நான் சொல்லப்போவது 'வேண்டாம்' என்பதுதான். இரவு முழுக்க அதை டெனிஷில் மரியாதையாகச் சொல்லப் பாடமாக்கி வைத்திருந்தேன். அதற்குள் அவர், "நீங்கள் கொண்டுவாற ஆக்கள் எல்லாரும் ஆறுதலா வருகினம். அவையளுக்கு என்ன சொல்லுவீங்கள்?" என்று கேட்டார். கேட்ட விதத்தில், அது தனக்குத்தான் என்று தெரிந்தது.

ஒன்றும் சொல்வதில்லை, அவர்களுடைய வீட்டுக் கதையைக் கேட்பேன் என்றேன். அப்படியென்றால் என்னிடமும் கேளுங்கள் என்றார். கேட்டேன். தகப்பனுக்குப் பன்றிப் பண்ணையாம். இரண்டு மாதமாக அங்கேயிருந்து பன்றிக்கால் கொண்டுவந்து, குசினி மேசையில் வைத்து வெட்டித் தைத்துப் பழகினாராம். எத்தனை கால் என்று கேட்டேன். நாற்பது என்றார். அந்தக் கால்களுக்கு என்ன ஆனது என்றும் கேட்டுவிட்டேன். இரண்டு நாளில் முதல்முறையாக அவருடைய முகத்தில் இரத்தம் ஓடியது. "அப்பா அவிச்சுச் சாப்பிட்டவர், சட்டிக்குள்ளயும் ஒரு தையல் பிரியேல்லை."

பதில்

நான் வாயைத் திறந்தபோது வந்து நின்றது பாடமாக்கிய வசனம் அல்ல, என்னுடைய முதல் நாள். அன்றைக்கு நான் தள்ளிய முதல் கட்டிலில் இடுப்பு முறிந்த ஒரு மனிதர் படுத்திருந்தார். அவரை லிஃப்ட் கதவில் ஒருதரம், சுவரில் இரண்டுதரம் மோதினேன். ஒவ்வொரு தடவையும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, பரவாயில்லை, அடுத்த வளைவு அகலம் என்றுதான் சொன்னார். வேறு ஆளைக் கூப்பிடச் சொல்லியிருந்தால் அன்றைக்கே என் வேலை போயிருக்கும். யாரோ ஒருத்தர் முதல் ஆளாகப் படுக்கத்தானே வேண்டும். பயம் போகவில்லை, கொஞ்சமும் போகவில்லை. ஆனாலும் "நீங்களே செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டேன்.

ஹெலே என் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு எழும்பிப் போனவர் கதவடியில் திரும்பிச் சொன்னார்: "இருமவேண்டாம், நான் போய்ச் சேருமட்டும் மனம் மாறவும் வேண்டாம்."

பெந்தின் ஊர்வலம்

என்னைத் தள்ள வந்தது பெந்த். தாழ்வாரம் முழுக்க எனக்குத் தெரிந்த முகங்கள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மூடினால் யாருக்கும் என்னைத் தெரியாது என்று ஒரு நினைப்பு. பெந்த் ஒவ்வொரு வாசலிலும் கட்டிலை நிறுத்தி, படுத்திருப்பது யார் என்று அறிவித்துக்கொண்டு போனான். சமையல்கூடப் பெண்கள் கைதட்டினார்கள். கோட்டுக்கு வந்தபோது என் கண்ணில் இருந்து நீர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எதற்குப் பயந்தேனோ அது நடந்தேவிட்டது.

பெந்த் தன் சட்டைக் கையால் என் காதைத் துடைத்தான். உள்ளே போகிறவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில் அழுவார்கள், நீ முன்னுக்குப் பார்த்துக்கொண்டு தள்ளுவதால் கண்டதில்லை என்றான். எனக்கு வெட்கம் பாதி குறைந்தது. பிறகு குனிந்து, மிக இரகசியமாகச் சொன்னான்: "உள்ளுக்க போனதும் நல்லாப் பார்த்துக்கொண்டு வந்து சொல்லு, பதினேழு வருஷமா எனக்கும் அது என்ன மாதிரியெண்டு தெரியாது."

பின்னேரம் இரண்டு மணி

பார்த்து வைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு பெரிய விளக்கு, ஆறு பச்சைத் தொப்பிகள், அவற்றில் ஒன்றின் கீழே ஹெலேயின் கண்கள். அந்தக் கண்களிடம் "பரவாயில்லை" என்று சொல்ல நினைத்தேன், சொன்னேனா தெரியாது. கண் விழித்தபோது வயிற்றில் ஒரு கட்டு, வாயில் வறட்சி, மேலுதட்டில் குளிர். நான் உயிரோடு இருந்தேன். சிரிப்பு வந்தது, சிரிக்க வலித்தது.

கட்டிலின் கால்மாட்டில் பெரிய டொக்டர் நின்றார். ஒரு நாளைக்கு நாலு வசனத்துக்கு மேல் பேசாத யூலண்ட் மனிதர். அவருக்குப் பக்கத்தில் ஹெலே சுவரைப் பிடித்துக்கொண்டு, உதடு வெளுத்துப்போய் நின்றார். முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு அவருக்கும் ஒரு வாய் சாப்பாடு இறங்கவில்லையாம். பெரிய டொக்டர் கட்டைத் தூக்கித் தையலைப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு என்னை ஒருதரம், ஹெலேயை ஒருதரம் பார்த்துவிட்டு நேர்ஸுக்குக் கட்டளை கொடுத்தார்: "ரெண்டு பேரும் தப்பிட்டினம், ரெண்டு பேருக்கும் சூப் குடுங்கோ."

கத்திக்குக் கீழே படுப்பவனும் கத்தியைப் பிடிப்பவளும் முதல் தடவை ஒரே மாதிரித்தான் பயப்படுகிறார்கள் என்ற உண்மையைக் கண்டுபிடிக்க, எனக்கு ஒரு குடலும் ஒரு மீசையும் செலவானது.